இடது கால்

ஆணியிலிருந்து அந்தப் பையை அவள் இழுத்த வேகத்தில் ஆணியும் சுவரின் காரையும் சேர்ந்தே பெயர்ந்து வந்தன. பையின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. அடித்தவள் அவள்தான். அவள் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடையின் பை. உள்ளே வளையமாகச் சுருட்டிய புதுக் கிளட்ச் கேபிள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் பஸ்ஸில் பார்சல் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. மேலே படிந்திருந்த தூசியில் பல்லி நடந்த தடம் இருந்தது. மனிதர் விரல் பட்ட தடம் இல்லை.

"மாட்டியாச்சாம்மா?" என்று போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "மாட்டியாச்சு, மாட்டியாச்சு. வெண்ணெய் மாதிரி இருக்கு" என்பாள் அம்மா.

வெண்ணெய். கையில் இருந்த துருப்பிடித்த ஆணியைத் தூக்கிக் கொட்டகையின் தகரத்தில் எறிந்தாள். தகரம் அதிர்ந்தது. உள்ளே கூடத்தில் பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பி ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தின் ஜன்னல் கொட்டகையைப் பார்த்துத் திறந்திருந்ததால், வாடகை நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தமும், புதிதாக வந்தவர்களுக்கு அத்தை ஆதியிலிருந்து கதை சொல்வதும் துல்லியமாகக் கேட்டன. அத்தை அப்பாவின் தங்கை. எந்தச் சாவு வீட்டிலும் இறந்தவர் எப்படிப் போனார் என்று சொல்வது அவள் பொறுப்பு.

"காலைத் தூக்கு, தூக்குன்னாளாம். அதுதான் கடைசி வார்த்தை. கிளம்பற நேரம் தெரிஞ்சுபோச்சு பாருங்க. இனிமே பூமியில கால் பாவக் கூடாதுன்னு தோணியிருக்கு. எங்க அண்ணன் அப்படியே ரெண்டு காலையும் மடியில வாங்கிக்கிட்டார். புருஷன் மடியில காலை நீட்டிக்கிட்டுப் போறதுன்னா சும்மாவா? யாருக்குக் கிடைக்கும் அந்த பாக்கியம்?"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கார் கொட்டகையில் கோணலாக நின்றது. நேற்று லெவல் கிராசிங் மேட்டிலிருந்து தெருக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முன்சக்கரம் ஒரு பூந்தொட்டியை நசுக்கியிருந்தது. பின்சீட்டில் பள்ளிச் சீருடை மூட்டை ஒன்று கயிறு அவிழ்க்காமல் கிடந்தது. நேற்று அவசரத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டு அம்மாவை ஏற்றியிருக்கிறார்கள். அம்மா சீருடை தைத்தாள். வெட்டிய துணி வீட்டுக்கு வருவதும், தைத்த துணி கடைகளுக்குப் போவதும் இந்தக் காரில்தான். காலையில் அம்மாவும் காரும் கிளம்பினால் மத்தியானம் அம்மாவும் காரும் வரும். அம்மாவைத் தவிர அதை வேறு யாரும் தொட்டதில்லை.

அப்பா குடிநீரேற்று நிலையத்தில் பம்ப் இயக்குபவர். கை வைத்தால் எந்த மோட்டாரும் ஓடும். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மிக்சி, மோட்டார், மின்விசிறி எல்லாம் அவர் கையால் உயிர் பிழைத்தவை. சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையையே தெரு அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தது: ‘நாளைக்கு’. நாளைக்கு வந்தாரா, நாளைக்குச் சாப்பிட்டாரா என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அவரும் சிரிப்பார். அவருக்குக் கோபமே வராது. அதைப் பெரிய குணம் என்று ஊர் சொன்னது. பெரிய வசதி என்று மகள் நினைத்தாள்.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் சாமான் பெட்டியை இழுத்துத் தரையில் வைத்தாள். சரிசெய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை. பழைய கேபிளைப் பிடுங்கி எடுத்து, கூடத்துக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்க, அப்பாவின் காலடியில் போட வேண்டும். ‘இதுக்கு அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கல’ என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நேற்று விழுந்தது இன்னும் எழவில்லை. தரை விரிப்பு ஏதாவது மடங்கிச் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இல்லை. குனிந்து பெடலின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து மேலே இழுத்தாள். கரகரவென்று முனகிக்கொண்டு வந்து நின்றது. கையால் அமுக்கினாள். பாதி வழி வரை சண்டித்தனம் செய்து, பிறகு சடாரென்று விழுந்து, விழுந்த இடத்தில் கிடந்தது.

"நீ இங்க என்ன பண்ற?"

அண்ணன் கொட்டகை வாசலில் நின்றான். சட்டையின் தோள்பட்டையில் மண் ஒட்டியிருந்தது.

"தெரியல? குளிக்கிறேன்."

"எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க."

"கேக்கட்டும்." பையை அவன் பக்கம் தூக்கிப் போட்டாள். "இதைப் பாரு. எப்ப அனுப்பினேன் தெரியுமா? பின்னைக்கூட கழட்டல அந்த மனுஷன்."

அவன் பையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "கிளட்ச் கேபிள்" என்றாள். அவன் பையை மெதுவாகப் பானெட்டின் மேல் வைத்தான்.

"நேத்து என்ன ஆச்சு, நீ சொல்லு" என்றாள் அவள். "அத்தை சொல்றதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

அவன் காருக்குள் பார்க்காமல், கொட்டகையின் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"காலையில மூட்டையைத் தூக்கி வண்டியில வச்சுட்டு, நெஞ்சு அடைக்குதுன்னு அப்படியே படியில உக்காந்துட்டா. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்னேன். வண்டி வாசல்லயே இருக்கு, அது வர்றதுக்குள்ள நாமளே போயிடலாம்னார் அப்பா. அவர் பின்னாடி அம்மாகூட உக்காந்தார். நான் ஓட்டினேன். அதுவரைக்கும் கிளட்ச் மெதுவாவாவது மேல வந்துது. லெவல் கிராசிங் மேட்டுல கியர் மாத்த அமுக்கினேன். போச்சு. தரையோட ஒட்டிக்கிட்டுது. எஞ்சின் கத்துது, வண்டி நகரல. பின்னாடி உருள ஆரம்பிச்சுடுச்சு. ஹேண்ட்பிரேக்கைப் போட்டேன். பின்னாடி வரிசையா நின்னு ஹார்ன் அடிக்கறானுங்க."

"கையால தூக்கிப் பார்க்கலையா?"

"எதை, பெடலையா? அதைத் தூக்கணும்னு யாருக்குத் தோணும்? நான் ஓட்டறது ஆபீஸ் வண்டி, ஆட்டோமேட்டிக். அதுல கிளட்ச்சே கிடையாது." அவன் குரல் உயர்ந்தது. "அம்மா தினம் இதைத்தானே ஓட்டிக்கிட்டுப் போனா? முந்தின நாள்கூட போனாளே. அவளுக்கு ஓடின வண்டி எனக்கு ஓடாதுன்னு நான் கண்டேனா?"

"அப்ப அம்மா என்ன சொன்னா?"

"அத்தை சொல்றதுதான். மூச்சு வாங்குது. வார்த்தை முழுசா வரல. கால்... கால்... தூக்குங்கறா. கையை முன்னாடி நீட்டறா. அப்பா குனிஞ்சு காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டார். அப்பவும் தலையை ஆட்டறா. பத்தலையோன்னு இன்னும் உசரத் தூக்கினார்."

"தலையை எப்படி ஆட்டினா?"

அவன் ஆட்டிக் காட்டினான். இடமும் வலமுமாக.

"அப்புறம் ஒரு வேன்காரர் நிறுத்தினார். மாத்தி ஏத்தினோம். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது..." அவன் நிறுத்தினான். "டாக்டர்கிட்ட கேட்டேன். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா பிழைச்சிருப்பாளான்னு. வந்திருந்தாலும் சொல்ல முடியாதுங்கன்னார்."

இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள பதில் அது. அண்ணன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் இன்னொரு பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

"சீட்டுல உக்காரு. நான் முன்னாடி பார்க்கறேன், நீ பெடலை மிதி."

"நான் அதுல உக்கார மாட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வற்புறுத்தவில்லை. "சரி, வெளியில நின்னு கையால அமுக்கு."

பானெட்டைத் திறந்தாள். கேபிளின் மறுமுனை கியர்பாக்ஸ் மேல் இருந்த நெம்புகோலில் மாட்டியிருந்தது. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி முனையைக் கழற்றினாள். நெம்புகோலைத் தனியாகத் தள்ளி விட்டாள். முழு பலத்தோடு திரும்பி வந்து நின்றது. உள்ளே கிளட்ச் நன்றாகவே இருந்தது. பெடலின் அச்சில் எண்ணெய் விட்டு அண்ணனை அமுக்கச் சொன்னாள். அதே கரகரப்பு, அதே சண்டித்தனம். தூக்கினால் வருகிறது, அமுக்கினால் கிடக்கிறது. எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு கேபிள் வளைந்து வரும் இடத்தில் விரலை ஓட்டினாள். மேலுறை சூட்டில் வெந்து பொரிந்து, உள்ளிருந்து துரு கசிந்திருந்தது. அந்த வளைவுக்குள் கம்பி இழைகள் அறுந்து, முள்போலச் சிலிர்த்துக்கொண்டு, போகும்போது வழிவிட்டு வரும்போது கவ்விப் பிடித்தன. வேறொன்றும் இல்லை. இவ்வளவுதான் வியாதி. மருந்து, எட்டடி தள்ளி ஆணியில் தொங்கியிருக்கிறது.

"இவ்வளவுதானா?" என்றான் அண்ணன்.

"இவ்வளவுதான்" என்றாள். அழுகை வரும்போல இருந்தது. அது கோபத்தின் அழுகை என்பதால் விழுங்கினாள்.

பெடல் பக்க முனையைக் கழற்ற வேண்டும். ஓட்டுநர் சீட்டின் மேல் முதுகைச் சாய்த்து, தலையைக் கீழே விட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்தாள். போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கேபிள் கொக்கியைத் தேடி மேலே போன வெளிச்சம் வழியில் ஒரு நீலத்தில் நின்றது.

பெடலின் முதுகுப்புறம். மேலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம். அங்கே சீருடைத் துணியில் ஒரு சின்னத் திண்டு. உள்ளே பஞ்சு அடைத்து, பெடலின் ஓரத்தைச் சுற்றி இழுத்து, நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது. அந்தத் தையலை எந்தக் கூட்டத்திலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். முழங்கால் கிழிந்த கால்சட்டைகளுக்கு அம்மா போடும் தையல். திண்டின் நடுவில், கால் பெருவிரல் முதுகு அளவுக்கு, துணி நைந்து வெளுத்துப் பள்ளமாக இருந்தது.

அவள் வாயிலிருந்து போன் நழுவி மார்பில் விழுந்தது.

செருப்பு. அம்மாவின் இடது கால் செருப்பு மட்டும் அறுந்துகொண்டே இருக்கும். வலது புதுசுபோல இருக்க, இடதில் விரல் நுழையும் வார் பிய்ந்து பிய்ந்து வரும். ‘எனக்கு இடது காலில் சனி’ என்று அம்மா சிரிப்பாள். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். பெடல் விழுந்ததும் கியர் போட்டு, விரலை அதன் முதுகில் கொடுத்து நெம்பித் தூக்கி, மறுபடி அமுக்கி, மறுபடி தூக்கி. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு மேட்டிலும். விரல் வலித்திருக்கிறது. வலித்ததற்கு யாரையும் கேட்கவில்லை, ஒரு திண்டு தைத்துக்கொண்டாள்.

காலைத் தூக்கு இல்லை. காலால தூக்கு.

முன்னால் நீட்டிய கை பெடலைக் காட்டிய கை. இடமும் வலமுமாக ஆடிய தலை, அது இல்லை, அது இல்லை என்று சொன்ன தலை. மூச்சு இருந்தவரை வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தும், ஒருவர் அவள் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார, இன்னொருவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"என்ன ஆச்சு? ஏன் சத்தமே இல்ல?" என்றான் அண்ணன்.

"கொக்கி இறுகியிருக்கு" என்றாள்.

மல்லாந்தபடியே கிடந்தாள். இப்போது கோபம் அப்பாவிடமிருந்து கிளம்பி அம்மாவிடம் போனது. அங்கே தங்க இடம் கிடைக்காமல் திரும்பி வந்தது. மறுபடி போனது. வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். கேபிளை எடுத்து அந்த மனுஷன் தலையில் அடித்திருக்கலாம். எனக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம், நான் விடுமுறை போட்டு வந்து மாட்டியிருப்பேன். வெண்ணெய் மாதிரி இருக்காம். தைக்கத் தெரிந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒட்டுப்போட்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

கொக்கியைக் கழற்றினாள். பழைய கேபிளை உருவி எறிந்தாள். புதியதைப் பையைக் கிழித்து எடுத்து, துளை வழியே விட்டு, வளைவில் நெளியாமல் பார்த்து, மேல்முனையைப் பெடலில் மாட்டினாள். கை தானாக வேலை செய்தது. திண்டைத் தொடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அவர் வரட்டும். குனிந்து பார்க்கச் சொல்கிறேன். பார்த்த பிறகு, அம்மா என்ன சொன்னாள் என்று நான் சொல்கிறேன். ஆயுசுக்கும் மறக்காது.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரை வாசல் வரை விட வந்த அப்பாவின் குரல் அருகில் கேட்டது.

"மோட்டார் இப்ப பரவாயில்லையா?"

"இன்னிக்குப் போய் அதைக் கேக்கறீங்களே. கொஞ்சம் சத்தம் வருது. பரவால்ல, மெதுவா பார்த்துக்கலாம்."

"பேரிங்கா இருக்கும். நாளைக்கு வந்து பார்த்துடறேன்."

ஸ்பேனர் அவள் கையில் வழுக்கியது. எழுந்து கார்க் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். அப்பா கொட்டகைக்குள் வந்தார். திறந்த பானெட்டைப் பார்த்தார். தரையில் செத்த பாம்புபோலக் கிடந்த பழைய கேபிளைப் பார்த்தார். கிழிந்த பையைப் பார்த்தார்.

"மாட்டிட்டியா" என்றார்.

"மாட்டியாச்சு. நீங்க மாட்டிட்டீங்கன்னுதான் அம்மா சொல்லிக்கிட்டிருந்தா."

"அப்படியா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னா. உங்களை விட்டுக்கொடுக்காம."

"நான் கேட்டேன்மா அவளை. வண்டி எப்படி இருக்குன்னு. ஓடுது, அவசரமில்லைன்னா."

"அவ ஓடுதுன்னா, நீங்க விட்டுடுவீங்க."

அண்ணன் இடையில் வந்தான். "விடு. இன்னிக்கா இதெல்லாம்?"

"பின்ன நாளைக்கா?" என்றாள் அவள்.

அப்பா அடிபட்டவரைப்போல நிற்கவில்லை. அப்படி நிற்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. கேபிளைக் குனிந்து எடுத்து, அறுந்த இழைகளை விரலால் நீவினார். முள் ஒன்று குத்தி ரத்தம் துளிர்த்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ திட்டறது சரிதான். நான் அவளுக்கு ஒண்ணும் பண்ணல. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ எங்கிட்ட எதையும் கேட்டதும் இல்ல. நேத்துதான் கேட்டா. காலைத் தூக்குன்னு. முதல் தடவையா எங்கிட்ட ஒண்ணு கேட்டா. உடனே செஞ்சேன்மா. நாளைக்குன்னு சொல்லல." அவர் தன் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருந்துது அவ பாதம். தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். அதையாவது செஞ்சேன்ல?"

கூடத்தில் அத்தை யாருக்கோ டீ ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டிய வாக்கியம் அவள் நாக்கின் மேல் முழுசாக இருந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, காருக்குள் முழங்காலிட்டு, பெடலின் பின்னால் கையை விட்டாள். தையல் லேசில் விடவில்லை. இரண்டு இழுப்பு, மூன்றாவதில் நூல் தெறித்தது. திண்டு கையோடு வந்தது.

"என்ன அது?" என்றான் அண்ணன்.

"அழுக்குத் துணி." இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்பா, ஏறி உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான். பெடலை அமுக்கணும். நான் முன்னாடி நட்டை டைட் பண்றேன்."

அவர் கேபிளைக் கீழே வைத்தார். அம்மாவின் உயரத்துக்கு முன்னால் தள்ளி வைத்திருந்த சீட்டில் முழங்கால் இடிக்க இடிக்க நுழைந்து உட்கார்ந்தார். பின்னால் தள்ளிக்கொள்ள வழி இருந்தது. அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இடது காலைத் தூக்கிப் பெடலின் மேல் வைத்தார்.

"அமுக்குங்க."

அமுக்கினார். நெம்புகோல் நகர்ந்தது.

"விடுங்க."

பெடல் துள்ளி எழுந்து நின்ற சத்தம் கேட்டது. நட்டை அரைச் சுற்று ஏற்றினாள். மறுபடி அமுக்கச் சொன்னாள். எழுந்தது. இன்னும் கால் சுற்று. எழுந்தது. தடங்கல் இல்லை, கரகரப்பு இல்லை. பூட்டு நட்டை இறுக்கினாள். வேலை முடிந்தது.

"சரியாயிடுச்சு போல இருக்கே" என்றார் அப்பா.

"அமுக்குங்க."

அமுக்கினார். விட்டார். அமுக்கினார். அண்ணன் அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்து, கேட்காமல், நசுங்கிய தொட்டியின் ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினான். கூடத்தில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"கேபிள் படியணுமாம்மா? இன்னும் எத்தனை தடவை?"

"நான் சொல்ற வரைக்கும்."

தூக்கி நிறுத்திய பானெட் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. சுத்தமாக இருந்த ஸ்பேனரை அவள் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணெதிரே, எண்ணெய் பளபளக்க, நெம்புகோல் போனது, வந்தது. போனது, வந்தது.